காசல்ரீயில் 3 நாள் கனூ: என்ன உடுப்பு, எதில் கட்டுவது?

மட்டுவாவி
எல்லாருக்கும் வணக்கம். பெப்ரவரி கடைசிக் கிழமை நாங்கள் 4 பேர், 2 கனூவில் (துடுப்பால் வலிக்கும் ஒடுங்கிய திறந்த படகு) ஹட்டன் பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தில் 3 பகல் 2 இரவு போகிறோம். கனூ 16 அடி, பிளாஸ்டிக், ஒன்றில் இரண்டு பேர். தோட்டத்து நிலத்தில் தங்குவதற்குப் பெரியதுரையிடம் (தோட்ட முகாமையாளர்) எழுத்தில் அனுமதி எடுத்தாச்சு. துடுப்பு வலிக்கத் தெரியும், ஆனால் எங்களுக்குப் பழக்கம் மட்டக்களப்பு வாவி. மலைநாட்டுக் குளிரும் மழையும் புதுசு.

ஆளுக்கு நாங்கள் எழுதி வைத்தது: டெனிம் 2, ரீசேட் 5, சாரம், துவாய், ஜாக்கெட் 1, மழைக்குப் பொஞ்சோ, கம்பூட்ஸ், சிலிப்பர், போர்வை 1. பொதுவில் கூடாரம் 2, காஸ் அடுப்பு, 5 லீற்றர் தண்ணீர்ப் போத்தல் 10, சமையல் சாமான். எல்லாத்தையும் முதுகுப் பையில் போட்டு மேலே ஒரு பொலித்தீனால் மூடினால் போதுமா?

டிக்கோயா காத்து
போதாது தம்பி. பொலித்தீன மேல மூடினா வானத்துத் தண்ணிதான் நிக்கும். கனூவுக்குள்ள தண்ணி கீழருந்து வரும். துடுப்புல வழியுறது, சப்பாத்துல வர்றது, அலை எகிறி விழுறது எல்லாம் அடியில தேங்கி அரை மணியில பையோட அடிய நனைச்சிரும். நீங்க போர்வைய எங்க வைப்பீங்க? அடியிலதான்.

பட்டியல முதல்ல ரெண்டாப் பிரிங்க. ஒண்ணு பகல் உடுப்பு, அது நனையத்தான் போகுது. இன்னொண்ணு ராச்சாமான். கூடாரத்துக்குள்ள போற வரைக்கும் அதோட கட்ட அவுக்கவே கூடாது. மழை விட்டுருச்சு, கொஞ்ச நேரம் ஸ்வெட்டர போட்டுக்கலாம்னு பகல்ல ஒருத்தர் அவுத்தா, அன்னைக்கு ராத்திரி அவருக்குக் காஞ்ச துணி கிடையாது.

டெனிம் ரெண்டையும் வீட்டுல வச்சிட்டு வாங்க. நனைஞ்ச டெனிம் லேசுல காயாது, தண்ணியில விழுந்தா காலை இழுக்கும், தொடையையும் அறுக்கும். பருத்தி ரீசேட்டும் அப்படித்தான். பகலுக்கு மெல்லிசு பொலியெஸ்டர் ட்ரக் பொட்டம் ஒண்ணு, விளையாட்டு ஜேசி மாதிரி நீளக்கை சேட் ரெண்டு, அது போதும். பிழிஞ்சு உதறினா உடம்புச் சூட்டுலயே காஞ்சிரும். நீளக்கை எதுக்குன்னா வெயிலுக்கு. தண்ணியில பட்டுத் திரும்புற வெயில் தாடைக்குக் கீழயும் மூக்குக்குள்ளயும் சுடும், குளிரா இருக்கிறதால தெரியாது.

மட்டுவாவி
ராச்சாமானில் என்னென்ன? குளிர் உண்மையில் எவ்வளவு இருக்கும்?

டிக்கோயா காத்து
நீர்த்தேக்கம் கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் மீற்றருக்கு மேல. மேகம் இல்லாத பெப்ரவரி ராத்திரியில விடியக்காலம் 15 பாகைக்குக் கீழ போகும். நுவரெலியா அளவுக்கு உறைபனி இல்ல. ஆனா ஈரக் காத்தும் ஈர நிலமும் சேரும்போது மட்டக்களப்பு ஆளுக்கு அதுவே போதும்.

ஆளுக்கு: உள்ளாடைக்கு மேல ஒட்டிப் போடுற மெல்லிசு நீளக்கை 1, கனமான பிளீஸ் இல்லாட்டி கம்பளி ஸ்வெட்டர் 1, தடிச்ச ட்ரக் பொட்டம் 1, கம்பளி மேஸ் (காலுறை) 2 சோடி, மங்கி கெப் 1. மேஸ்ல ஒரு சோடி தூங்கும்போது மட்டும். புதுசா வாங்க வேண்டாம், நுவரெலியா பேல் பஜார்ல (பழைய குளிர் உடுப்பு விக்கிற இடம்) பாருங்க. வாங்கும்போது உள்ள தச்சிருக்கிற துண்டுல எழுதியிருக்கிறத வாசிங்க. பிளீஸ் மாதிரியே இருக்கும், ஆனா பாதி பருத்தியா இருக்கும்.

அந்தக் காலத்துல கொழுந்து எடுக்கிறவங்க மழைக்குத் தலையில கம்பளி போட்டுக்கிட்டுத்தான் மலையில நின்னாங்க. ஆட்டு மயிர் தன்னோட எடையில ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு ஈரத்த இழுத்தாலும் சூட்டக் காக்கும். பருத்திக்கு அந்தக் குணம் இல்ல. பிளீஸ் ஈரத்த இழுக்கவே இழுக்காது, சுழட்டி உதறினாப் பாதி காஞ்சிரும். ஆனா காத்து ஊடுருவும், மேல ரெயின்கோட் வேணும்.

படங்கு
போர்வை ஒன்றை மட்டும் நம்ப வேண்டாம். குளிர் மேலேயிருந்து வருவதை விடக் கீழேயிருந்துதான் அதிகம். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள ஃபோம் பாய் ஆளுக்கு ஒன்று, அதன் மேல் தூக்கப்பை. தூக்கப்பையில் இரண்டு எண் போட்டிருக்கும்: ஒன்று சுகமாகத் தூங்கக்கூடிய அளவு, மற்றது தாக்குப்பிடிக்கும் எல்லை. சுகமான எண் 10 பாகையோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். கடைக்காரர் பெரும்பாலும் எல்லை எண்ணைத்தான் சொல்வார்.

கூடாரத்துக்கு அடியில் பொலித்தீன் விரிக்கிறவர்கள் அதன் விளிம்பைக் கூடாரத்தை விட ஒரு சாண் உள்ளே மடிக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையிலிருந்து வழியும் மழையை அது வாங்கி உங்கள் முதுகுக்கு அடியில் கொண்டு வந்து விடும். பலரும் கூடாரம் ஒழுகுகிறது என்று சொல்வது இதைத்தான்.

மட்டுவாவி
சரி, கட்டுவது எதில்? சுருட்டி மூடும் நீர்புகாப் பை நாலு பேருக்கும் வாங்கினால் பயணச் செலவை விடக் கூட வருகிறது. உரப்பை சரிவருமா?

படங்கு
சரிவரும். ஆனால் உரப்பை தண்ணீரைத் தடுக்காது, உராய்வைத்தான் தடுக்கும். தண்ணீரைத் தடுப்பது உள்ளே போடும் பொலித்தீன்.

50 கிலோ உரப்பையைக் கழுவி, உப்புப் போல ஒட்டியிருக்கும் யூரியா முழுதாகப் போகும் வரை அலசிக் காய வையுங்கள். ஹார்ட்வெயார் கடையில் குழாய் மாதிரி வரும் தடித்த பொலித்தீனை உரப்பையை விட ஒன்றரை அடி நீளமாக வெட்டி, ஒரு முனையை முறுக்கி மடித்து இறுக்கிக் கட்டுங்கள். ஷொப்பிங் பேக் வேண்டாம், மடிப்பிலேயே கிழியும். இப்படி இரண்டு, ஒன்றுக்குள் ஒன்று. தூக்கப்பையை முதலில் திணியுங்கள், உடுப்பை அதன் மேல் போட்டு முழங்காலால் அமுக்கிக் காற்றை வெளியேற்றுங்கள். பிறகு உள் பொலித்தீனின் கழுத்தைக் கயிறு போல் ஆகும் வரை முறுக்குங்கள். முறுக்கியதை வாத்துக் கழுத்து மாதிரி இரண்டாக மடித்து, மடிப்பைச் சேர்த்துக் கட்டுங்கள். வெளிப் பொலித்தீனுக்கும் இதே மாதிரி, தனியாக. இரண்டு கழுத்தையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினால் இரண்டு பொலித்தீன் போட்ட பலன் இல்லை.

கட்டுவதற்கு நைலோன் கயிறு வேண்டாம். அது வழுக்கும், ஈரத்தில் முடிச்சு அவிழாது, கடைசியில் கத்தி வைப்பீர்கள், பொலித்தீனும் போகும். பழைய டயர் டியூபை 2 சென்ரிமீற்றர் அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றி நுனியைச் செருகுங்கள்.

துடுப்புவால்
படங்கு அண்ணன் சொல்றது ராச்சாமானுக்கு நல்லது, காலையில கட்டினா ராவுலதான அவுக்கணும். அடிக்கடி கை போடுற பைக்கு அது ஆகாது, ஒவ்வொரு தடவையும் அஞ்சு நிமிசம். நாலு பேருக்கும் பொதுவா 20 லீற்றர் நீர்புகாப் பை ரெண்டு மட்டும் வாங்குங்க, கனூவுக்கு ஒண்ணு. அதுக்குள்ள ரெயின்கோட், பகல் தீனி, மருந்து, டோர்ச், ஃபோன்.

சுருட்டுற பை ஒழுகினா பெரும்பாலும் பையோட பிழை இல்ல. முக்கால்வாசிக்கு மேல அடைச்சா சுருட்ட இடம் இருக்காது. ஒரு தடவை சுருட்டிக் கொக்கி போட்டா தண்ணி நேரா உள்ள போகும். குறைஞ்சது மூணு சுருட்டு. வாயில மணலோ துணி நுனியோ மாட்டியிருந்தா அது திரி மாதிரித் தண்ணிய உறிஞ்சும். பையக் கரையில தரதரன்னு இழுத்தா அடி மூலையில ஊசி ஓட்டை விழும். கிளம்ப முதல்நாள் வெறும் காத்த அடைச்சு மூடி, தண்ணித் தொட்டிக்குள்ள அமுக்கிப் பாருங்க. குமிழி வர்ற இடத்த பேனாவால குறிச்சு, காயவச்சு, சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால துடைச்சுட்டு உள்ளயும் வெளியயும் டேப் ஒட்டுங்க. ஈரத்துல ஒட்டின டேப் ரெண்டு மணி நேரம் நிக்காது.

மட்டுவாவி
பொஞ்சோ பற்றி யாரும் சொல்லவில்லையே. மலிவு, பைக்கு மேலும் போடலாம்.

துடுப்புவால்
கரையில போடுங்க. கனூவுல வேண்டாம். மதியத்துக்கு மேல பள்ளத்தாக்குக் காத்து எழும்பினா பொஞ்சோ பாய்மரப் பாய் மாதிரி ஊதிக்கும், கவிழ்ந்தா தலையையும் கையையும் சுத்திக்கும். மோட்டார்சைக்கிள்காரங்க போடுற மேல் சட்டை, காற்சட்டை ரெயின்கோட் செட் நல்லது. சேலைக்குக் கட்டுற மாதிரி இடுப்பச் சுத்திப் பொலித்தீன் கட்டுறதும் கனூவுக்கு ஆகாது, கால் பின்னும்.

ரெயின்கோட் உள்ள, லைஃப் ஜாக்கெட் வெளிய. லைஃப் ஜாக்கெட்டுக்கு மேல ரெயின்கோட் போட்டா அவசரத்துக்குக் கொக்கி கைக்கு வராது. அளவு பாக்க: கொக்கியெல்லாம் மாட்டிட்டு, இன்னொருத்தர் ரெண்டு தோள்பட்டையையும் பிடிச்சு மேல தூக்கணும். காது வரைக்கும் ஏறினா உங்களுக்குப் பெரிசு. மாட்டாம மடியில வச்சிருக்கிற ஜாக்கெட் வெறும் தலையணை.

கம்பூட்ஸ் கட்டாயம் வேணாம். கவிழ்ந்தா தண்ணி நிறைஞ்சு ரெண்டு வாளி கட்டின மாதிரி. சிலிப்பர் சேத்துல நிக்கும், கால் மட்டும் வரும். பின்னுக்குப் பட்டி உள்ள றப்பர் செருப்பு, இல்ல பழைய கென்வஸ் சப்பாத்து.

மழைமானி
சேறு பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். பெப்ரவரியில் இந்தப் பக்கம் வறண்ட காலம், மேற்கு மலைச் சரிவுகளுக்கு மழையைக் கொண்டு வருவது மே முதல் செப்ரம்பர் வரை அடிக்கும் தென்மேல் பருவக்காற்று. ஆகவே நீங்கள் போகும்போது நீர் மட்டம் இறங்கிக்கொண்டிருக்கும். தண்ணீருக்கும் புல்லுக்கும் இடையில் சிவப்புச் சேற்றுப் பட்டை ஒன்று இருக்கும். மேலே காய்ந்து வெடித்திருக்கும், உள்ளே முழங்கால் வரை இறங்கும். கல்லும் சரளையும் உள்ள முனையில் கரையேறுங்கள், ஓடை வந்து விழும் மூலையில் அல்ல. இறங்குகிறவர் துடுப்பை முன்னால் ஊன்றிப் பார்த்துவிட்டுக் காலை வைக்க வேண்டும். மட்டம் இறங்கும்போது பழைய மரக்கட்டைகளும் தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கும்.

கூடாரம் அந்தப் பட்டையில் வேண்டாம், தட்டையாக அழகாகத் தெரிந்தாலும். தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டு மூன்று மீற்றர் உயரத்தில் போடுங்கள். கனூவைக் கவிழ்த்து மரத்தில் கட்டுங்கள், இரவுக் காற்று வெறுங்கனூவை உருட்டும்.

காலை 6 மணிக்குத் தண்ணீரில் இறங்கி, பிற்பகல் 1 மணிக்குள் கரை. அகலமான இடத்தைக் குறுக்கே கடப்பது காலையில் மட்டும். அணைக்கட்டுப் பக்கமும், விமலசுரேந்திர மின்நிலையத்துக்குத் தண்ணீர் எடுக்கும் வாய்ப் பக்கமும் போகவே வேண்டாம். பயணம் மார்ச் கடைசிக்குத் தள்ளிப்போனால் வேறு கணக்கு: அப்போது பிற்பகல் இடி மின்னல், 12 மணிக்கே கரையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. அது சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பாதை போயா தினத்திலும் வார இறுதியிலும் நெரியும். கூரையில் கனூ கட்டிய வாகனம் அதற்குள் மாட்டினால் முதல் நாள் முழுதும் வீதியில்தான்.

பீலி
யாருமே 50 லீற்றர் தண்ணியப் பத்திப் பேசலையே! 50 லீற்றர்னா 50 கிலோ. கனூவுக்கு 25.

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளைக்கு 4 லீற்றர் வையுங்க. நாலு பேருக்கு 16. ஒன்றரை நாளைக்கு 24 லீற்றர் கொண்டு போய், நடுவுல தோட்டத்துப் பீலியில (ஊத்துத் தண்ணி வந்து விழுற குழாய்) நிரப்பிக்கிறது. பீலி எங்க இருக்குனு அனுமதி குடுத்த தோட்டத்துலயே கேட்டு வச்சுக்குங்க. லயத்துக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் மேல இருக்கிற ஊத்துத் தண்ணியா பாருங்க. நல்லாக் கொதிச்ச பிறகு ஒரு நிமிசம் கொதிக்க விட்டாக் கிருமி சாகும். ஆனா தேயிலைக்கு அடிக்கிற மருந்து கொதிக்க வச்சாலும் போகாது, அதனால மலைக்கு நடுவுல ஓடி வர்ற கானுத் தண்ணியையும் நீர்த்தேக்கத்துத் தண்ணியையும் சமையலுக்கு எடுக்காதீங்க.

அந்த உயரத்துல தண்ணி 96, 97 பாகையிலயே கொதிக்கும். பருப்பும் சோறும் வேக நேரம் கூடும், காஸும் கூடும். பருப்ப மதியமே ஊறப் போட்டுருங்க. கடலை, கௌபி கொண்டு போகாதீங்க. 230 கிராம் காஸ் டின் 4 எடுங்க. விடியக்காலம் அந்த டின் சோம்பும், உள்ள இருக்கிறது பியூட்டேன், குளிர்ல அழுத்தம் குறையும். அடுப்புல மாட்ட முன்ன பத்து நிமிசம் ஸ்வெட்டருக்குள்ள வச்சிருங்க. நெருப்புக்குக் கிட்ட வச்சுச் சூடாக்குற வேலை வேணாம். விறகு நெருப்பே வேணாம், பெப்ரவரியில மானாப் புல்லும் டர்பன்டைன் காடும் பத்திக்கும்.

சாப்பாட்டுச் சாமான் மூடியில றப்பர் வளையம் உள்ள 30 லீற்றர் நீலப் பரல்ல. முன்ன சாப்பாட்டுச் சாமான் இருந்த பரலான்னு கேட்டு வாங்குங்க, இரசாயனம் இருந்தது கழுவினாலும் போகாது. ராத்திரி அத கூடாரத்துக்குள்ள வைக்காதீங்க, தூரமா மரத்துல கட்டுங்க. காட்டுப்பன்றியும் குரங்கும் தேடி வரும். அந்தப் பக்கம் சிறுத்தையும் உண்டு, நாயக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க.

மட்டுவாவி
நன்றி அக்கா, தண்ணீர்க் கணக்கு கண்ணில் படவே இல்லை. சாமானைக் கனூவில் கட்ட வேண்டுமா, சும்மா வைக்க வேண்டுமா?

துடுப்புவால்
பாரமானது அடியில, நடுவுல. பரலும் தண்ணிக் கேனும் நடுச் சட்டத்துக்கு (கனூவுக்குக் குறுக்க இருக்கிற கம்பு) ரெண்டு பக்கமும், ராச்சாமான் பைகள் அதுக்கு முன்னும் பின்னும். விளிம்புக்கு மேல எதுவும் எழும்பி நிக்கக்கூடாது. எல்லாம் ஏத்தி, ஆளும் ஏறினப்புறம் ஒருத்தர் கரையில நின்னு பாக்கணும்: மட்டமா இருக்கணும், இல்லாட்டிப் பின்பக்கம் ரெண்டு விரல் தாழ்வா. முன்பக்கம் தாழ்ந்தா காத்துல தலைய திருப்ப முடியாது. தண்ணிக்கு மேல விளிம்பு ஒரு சாணாவது தெரியணும்.

கட்டுங்க, நீர்த்தேக்கத்துல கட்டுறதுதான் சரி. நல்லா மூடின பை மிதக்கும், கனூவோடயே கிடக்கும்.

டிக்கோயா காத்து
இதுல எனக்குக் கொஞ்சம் மாறுபாடு. கட்டின கனூவ தண்ணியில நிமித்துறது கஷ்டம். சாமான் தனியா மிதந்தா வெறுங்கனூவ மத்தக் கனூ மேல குறுக்க இழுத்துக் கவுத்து, தண்ணிய வடிச்சு நிமித்திரலாம்.

துடுப்புவால்
அதுக்கு மத்தக் கனூ பக்கத்துல இருக்கணும், ரெண்டு பேருக்கும் அந்தப் பழக்கம் இருக்கணும். காத்து அடிக்கிற நேரம் ஒரு பை அரை மைல் தூரம் போயிரும். அது ராச்சாமானா இருந்தா? சரி, ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி: எல்லாப் பைக்கும் ஊடால ஒரே கயிறு, ஒரு முனை மட்டும் நடுச் சட்டத்துல, இழுத்தா அவுறுற சுருக்கு. தேவைனா ஒரு இழுப்புல மொத்தச் சாமானும் கோர்வையா வெளிய வரும். தொங்கலான கயிறு விடாதீங்க, கால் மாட்டும். லைஃப் ஜாக்கெட்ல ஆளுக்கு ஒரு விசிலும் மடக்குக் கத்தியும். இது அசையாத தண்ணிக்கு மட்டும். கித்துல்கல பக்கம் ஓடுற ஆத்துக்கு இந்தக் கட்டு ஆகாது.

முன் பின் கயிறு 4 மீற்றர், மிதக்கிற கயிறா இருக்கட்டும். கனூவுக்கு ஒரு மேலதிகத் துடுப்பு. தண்ணி இறைக்க 4 லீற்றர் ஒயில் கேன சாய்வா வெட்டிக் கயிறு கட்டி வையுங்க.

டிக்கோயா காத்து
அந்தக் கோர்வை நல்லாத்தான் இருக்கு. விடுறேன்.

பீலி
மருந்துப் பையில ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல் பொடி) 6, பனடோல், கோஸ் துணி, டெட்டோல், ஒவ்வாமைக் குளிசை. கடைசியா சொன்னத மறக்காதீங்க. தோட்டத்துல அட்டைய விட பெரிய பயம் குளவி. தண்ணிக்கு மேல சாஞ்ச மரத்துலயும் கற்பாறையிலயும் கூடு தொங்கும், அதுக்குக் கீழ நிழலுக்கு ஒதுங்காதீங்க. கலைஞ்சா கையால வீசாம, ரெயின்கோட்டால தலையையும் முகத்தையும் மூடிக்கிட்டு வலிச்சு விலகிப் போகணும். தண்ணிக்குள்ள முங்கினா மேல வர்ற வரைக்கும் சுத்திக்கிட்டே இருக்கும். மூச்சு இழுக்குது, முகம் வீங்குதுன்னா காத்திருக்காம 1990 அம்பியூலன்ஸுக்கு அடிங்க. உள்வாங்கின மூலையில சிக்னல் விட்டுப் போகும், அதனால எந்த ராத்திரி எங்க தங்குறீங்கனு தோட்டத்துல எழுதிக் குடுத்துருங்க.

அட்டைக்கு மேஸ ட்ரக் பொட்டத்துக்கு மேல இழுத்து விட்டு, காஞ்ச சவர்க்காரத்த தேச்சா போதும், அந்த மாசத்துல குறைவு. கடிச்சா நெருப்போ உப்போ வைக்காதீங்க, மெல்லிய முனையில நகத்த வச்சுத் தள்ளினா விடும். கால்ல வெட்டுக்காயம் இருக்கிறவங்க எலிக்காய்ச்சல் தடுப்பு மருந்து தேவையான்னு போறதுக்கு முன்ன சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்துல கேளுங்க.

மட்டுவாவி
திருத்தின கணக்கு, கனூ ஒன்றுக்கு: ராச்சாமான் உரப்பை 2 (தூக்கப்பையோடு ஒன்று 5 கிலோ) 10, பகல் பை 3, கூடாரம் 3½, ஃபோம் பாய் 1, தண்ணீர் 12, சாப்பாடு பரலோடு 7, அடுப்பும் சட்டியும் 4, படங்கு (தார்ப்பாய்) 3, கயிறு, மேலதிகத் துடுப்பு, இறைக்கிற கேன் 3. மொத்தம் 46½ கிலோ. டெனிம், பொஞ்சோ, கம்பூட்ஸ் வெளியே. சாரத்தை மட்டும் விட மனமில்லை, ராச்சாமானில் போகிறது. கட்டுவதற்குச் சைக்கிள் டியூப் 2 எடுத்து வைத்திருக்கிறேன்.

படங்கு
ஃபோம் பாயை உரப்பைக்கு வெளியே கட்டாதீர்கள். சுருட்டாமல் உரப்பைக்குள் சுவர் போல வளைத்து நிறுத்திவிட்டு அதன் நடுவில் பொலித்தீனைப் போட்டு நிரப்புங்கள், பை நிமிர்ந்து நிற்கும், உராய்வும் படாது. பாயில் படும் ஈரத்தை இரவில் துவாயால் துடைத்தால் போகும், அது தண்ணீரைக் குடிக்காது. டியூப் சைக்கிளுடையது ஒடுக்கம், இரண்டாம் நாள் அறும். டயர் கடையில் கழித்துப் போட்ட மோட்டார்சைக்கிள் டியூப் கேளுங்கள், சும்மாவே தருவார்கள். கட்டு நாலு என்றால் ஆறு துண்டு வெட்டுங்கள்.

மட்டுவாவி
கேட்டுப் பார்க்கிறேன் அண்ணன். தொட்டியில் அமுக்கிப் பார்த்ததில் ஒரு நீர்புகாப் பையின் அடி மூலையில் குமிழி வந்தது, ஸ்பிரிட் வாங்கப் போகிறேன்.